விசேஷம், ஹோட்டல், ஆபீஸ் பார்ட்டி: சர்க்கரை வந்தவர் வெளியில் எப்படிச் சாப்பிடுவது? மும்பைக்காரர்கள் சொல்லுங்கள்

செம்பூர் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 46. கம்பெனியில் வருடாவருடம் எடுக்கும் செக்கப்பில் இந்தத் தடவை ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத சர்க்கரையின் சராசரி) 7.4 என்று வந்து, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்தது. பிரஷரும் எல்லையில் இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுச் சாப்பாட்டில் எனக்குக் கவலை இல்லை. சாதத்தைக் குறைத்து, காயும் பருப்பும் கூட்டி, இரவில் ஜோவார் பாக்ரி (சோள ரொட்டி) என்று மாற்றிவிட்டேன், அவரும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார். வாசல்படி தாண்டினால்தான் சிக்கல். எங்கள் சொந்தபந்தம் முழுக்க மாதுங்கா, சயன், முலுண்ட், டோம்பிவிலி என்று பரவிக் கிடக்கிறது. பூணூல், சீமந்தம், அறுபதாம் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும், போகாமல் இருக்கவும் முடியாது. போனால் என் நாத்தனார் பக்கத்திலேயே நின்றுகொண்டு "அண்ணா, ஒரு நாள்தானே" என்று ஜாங்கிரியை இலையில் வைத்துவிடுவாள். பாசத்தில்தான் செய்கிறாள், அவளைக் குறை சொல்லவில்லை.

இது போக அவர் ஆபீஸ் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக், சமோசா, கூல்டிரிங்க். மாதக் கடைசியில் டீமோடு வெளியே டின்னர். சர்க்கரை வந்தது ஆபீஸில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று வேறு நினைக்கிறார்.

சாப்பிடவே கூடாது என்று பட்டியல் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அது எனக்கு வேண்டாம். போய் உட்கார்ந்து, மனிதர்களோடு சேர்ந்து சாப்பிட்டு, உடம்பும் கெடாமல் வீடு திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். வருகிற ஞாயிறு சயனில் ஒரு பூணூல் இருக்கிறது.

---

பந்திக்காரர்

அம்மா, நான் மாதுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் விசேஷங்களுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். பரிமாறுகிற பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், வேண்டாம் என்று நாத்தனாரிடமோ வீட்டுக்காரர்களிடமோ சொல்லாதீர்கள். அவர்களுக்கு அது உபசாரத்தை மறுப்பது போல ஆகிவிடும், அப்புறம் அவர்கள் வற்புறுத்தத்தான் செய்வார்கள். வாளியோடு வருகிற பையனிடம் சொல்லுங்கள். அவனுக்கு நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான். இலைக்கு மேல் உள்ளங்கையைக் குப்புறப் பிடித்தால் அடுத்த இலைக்குப் போய்விடுவான். என் பையன்களுக்கு நான் சொல்லி வைத்திருப்பதே அதுதான், ஒருத்தர் கைகாட்டினால் இரண்டாவது முறை கேட்காதே. எல்லாப் பந்தியிலும் அப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் கேட்டுக் கேட்டுப் போடுவதுதான் பெருமை என்று நினைக்கிறார்கள்.

இரண்டாவது, இலை காலியாக இருந்தால் பரிமாறுகிறவன் கண் அங்கேதான் போகும். அதற்குத்தான் அவனை நிறுத்தியிருக்கிறோம். அதனால் கூட்டோ பொரியலோ கொஞ்சம் இலையில் எப்போதும் இருக்கட்டும், மெதுவாகச் சாப்பிடட்டும். வேகமாகச் சாப்பிட்டு முடிக்கிறவருக்குத்தான் மறுசோறு வந்து விழும்.

மூன்றாவது, இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. எங்கள் பந்தியில் சாதம் வருவதற்கு முன்பே இலையின் மேல்பாதி நிறைந்துவிடும். கோசுமல்லி, தயிர்ப் பச்சடி, பொரியல், கூட்டு, அவியல். ஆட்கள் அதைத் தொடாமல் சாதத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காத்திருக்க வேண்டாம். கோசுமல்லியை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், ஊறவைத்த பயத்தம்பருப்பும் வெள்ளரிக்காயும்தான் அது. கேட்டால் இன்னொரு தடவை போடுவார்கள், காய்கறியை இன்னொரு தடவை கேட்கிறவரைக் கண்டால் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம், ஏனென்றால் மிஞ்சுவது அதுதான். அதற்கப்புறம் ஒரு சின்னக் கரண்டி சாதத்தில் சாம்பார், இன்னொரு சின்னக் கரண்டியில் ரசம் அல்லது மோர். மூன்று தடவை சாதம் வாங்குவதில்தான் அளவு கைமீறிப் போகிறது.

எதில் என்ன போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கேசரிக்கு ஒரு பங்கு ரவைக்கு இரண்டு பங்கு வரை சர்க்கரை போகும். வாசலில் கொடுக்கிற கலர் வெல்கம் டிரிங்க் என்பது சர்க்கரைப் பாகில் எசென்ஸ், அதில் வேறு ஒன்றுமே கிடையாது, அதைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. ரிசப்ஷன் பஃபேயில் பனீர் கிரேவி பளபளவென்று இருக்கிறதே, அது முந்திரியும் மகஸ் என்கிற முலாம்பழ விதையும் அரைத்த விழுது, அதற்கு மேல் கிரீம், அதற்கு மேல் வெண்ணெய். மஞ்சள் தால் இருந்தால் அதை எடுங்கள். பாத்திரத்தில் மேலே மிதக்கிற எண்ணெயைத் தள்ளிவிட்டு, கரண்டியை அடியில் விட்டுக் காயை மட்டும் அரித்து எடுங்கள். பஜ்ஜி, கட்லெட், மஞ்சூரியன் எல்லாம் ஸ்டார்ட்டரில் ஏன் வருகிறது என்றால் முன்கூட்டியே பொரித்து வைத்துவிட்டுத் திரும்பப் பொரித்துக் கொடுக்கலாம் என்பதால்தான். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெய்க்குச் சட்டத்திலேயே எல்லை இருக்கிறது, போலார் காம்பவுண்ட் என்கிற கழிவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. வாணலியில் எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் நின்றால் அந்தக் கவுன்ட்டர் பக்கமே போகாதீர்கள்.

---

தொண்ணூறடி ரோடு

மேலே எல்லோரும் சைவப் பந்தியைச் சொல்கிறீர்கள், எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தாராவி, பூர்வீகம் திருநெல்வேலி. எங்கள் வீட்டு விசேஷம் என்றால் பிரியாணி, கோயில் கொடை என்றால் கறிவிருந்து. அப்பாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை உண்டு.

அவர் செய்வது இதுதான். பிரியாணி வந்தால் முதலில் கறித்துண்டு, முட்டை, வெங்காயத் தயிர். சோறு அதற்கப்புறம், அதுவும் முன்னாடி சாப்பிட்டதில் பாதிகூட இருக்காது. கறி இருக்கும்போது சோற்றை அளவாகச் சாப்பிட முடிகிறது, வயிறு நிறைந்துவிடுகிறது என்கிறார். எண்ணெய் மிதக்கிற சால்னாவை ஊற்றிக்கொள்ள மாட்டார். பிரெட் அல்வா வந்தால் ஒரு ஸ்பூன், அதுவும் என் பிள்ளையின் தட்டிலிருந்து. தனியாக ஒரு கிண்ணம் அவர் முன்னால் வைக்கவே விடமாட்டார். வைத்துவிட்டால் வீணாக்க மனசு வராது, அவருக்கு அதுதான் கஷ்டம்.

பொங்கலுக்குத் தெருவில் வரிசையாகப் பொங்கல் பானை வைத்து எல்லோரும் கொண்டுவந்து கொடுப்பார்கள், எதையும் மறுக்க முடியாது. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வோம், வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுவார்கள், பக்கத்து பில்டிங்கில் கொடுப்போம். கையில் வாங்குவதும் வாயில் போடுவதும் வேறு வேறு. கொடுத்தவருக்கு வாங்கினால் போதும்.

---

டயட்டீஷியன், ஆந்தேரி

பந்திக்காரர் சொன்ன அந்த "முதலில் கோசுமல்லி" விஷயத்தை ஒருவரும் கடந்து போய்விட வேண்டாம். நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2015இல் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார்கள். டைப் 2 சர்க்கரை உள்ள, மெட்ஃபார்மின் எடுக்கிற 11 பேர்தான். ஒரே சாப்பாட்டை ஒரு நாள் மாவுச்சத்தை முதலிலும், இன்னொரு நாள் காயும் புரதமும் முதலில் சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து மாவுச்சத்தையும் கொடுத்தார்கள். காய் முதலில் போன நாளில் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 37 சதவீதம் குறைவு. ஆட்கள் குறைவுதான், ஆனால் அதற்குப் பிறகும் வேறு இடங்களில் இதே திசையில் முடிவுகள் வந்திருக்கின்றன, என்னிடம் வருகிறவர்களின் குளுக்கோமீட்டரிலும் இதைப் பார்க்கிறேன். செலவில்லாத வழி, யாருக்கும் தெரியவும் தெரியாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவரின் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. அது சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பி, ரிசப்ஷனில் மேடைக்கு வரிசையில் நின்று, இலை போட இரவு பத்து மணி ஆகிறது என்றால், நடுவில் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல். இதைப் பசி என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். வெளியில் சாப்பிடும் நாளில் மாத்திரையை எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் ஸ்வீட்டுக்குப் பயப்படுகிறார்கள், இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கு இதுதான் பெரிய கவலை.

அதே காரணத்துக்காக, சாயங்காலம் விருந்து என்று மத்தியானச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டவே வேண்டாம். பசியோடு போனால் யாராலும் அளவாகச் சாப்பிட முடியாது. கிளம்பும்போது வீட்டில் ஒரு கிண்ணம் தயிரும் வெள்ளரிக்காயும், இல்லையென்றால் ஒரு பிடி வறுத்த கடலை.

வெல்லம் போட்டது, கருப்பட்டி போட்டது, தேன் கலந்தது பரவாயில்லை என்று யாராவது சொல்வார்கள். பரவாயில்லை என்பது சரியில்லை. வெல்லமும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், ரத்தத்தில் ஏறுவதும் அப்படித்தான். "ஷுகர் ஃப்ரீ" என்று எழுதிய பர்ஃபியிலும் கோவாவும் நெய்யும் இருக்கிறது, பேரீச்சம்பழ லட்டுவில் இருப்பதும் சர்க்கரைதான். பிடித்த இனிப்பையே ஒரு வாய் சாப்பிடுவது, பிடிக்காத மாற்றை நாலு துண்டு சாப்பிடுவதைவிட நல்லது.

---

காட்கோபர் குடும்பஸ்தன்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். விசேஷச் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? ஹெச்பிஏ1சி என்பது இரண்டு மூன்று மாத சராசரி. ஒரு பூணூலில் சாப்பிட்ட அரை ஜாங்கிரி அதை அசைக்காது. தினமும் நடப்பதுதான் அசைக்கும். அந்தக் கணக்கை எடுங்கள் முதலில். ஆபீஸில் நாலு தடவை கட்டிங் சாய் என்கிற அரை டம்ளர் டீ, ஒவ்வொன்றிலும் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் என்பது நாலைந்து கிராம். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது, அதுவும் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு. டீயிலேயே அது முடிந்துவிடுகிறது. 300 மில்லி கோலா ஒன்று குடித்தால் அதிலேயே 30 கிராமுக்கு மேல். சாயங்காலம் ஸ்டேஷனில் ட்ரெயின் வரும்வரை ஒரு வடாபாவ், மைதா பன்னுக்குள் பொரித்த உருளைக்கிழங்கு. இதையெல்லாம் யாரும் "வெளியில் சாப்பிட்டேன்" என்று கணக்கில் சேர்ப்பதே இல்லை.

டீயைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கச் சொல்லுங்கள், முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஸ்டேஷனில் கடலை விற்கிறவரிடம் ஒரு பொட்டலம் உப்பில்லாத வறுகடலை. இந்த இரண்டும் போதும், அறுபதாம் கல்யாணத்தில் மனிதர் நிம்மதியாகப் பாயசம் குடிக்கட்டும்.

---

செம்பூர் வாசகி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கட்டிங் சாய் விஷயத்தை நேற்று கேட்டேன், ஐந்து என்றார். இது எனக்குத் தெரியவே தெரியாது.

காட்கோபர் சார் சொல்வது நியாயம்தான், ஆனால் எங்கள் குடும்பத்தில் விசேஷங்கள் அபூர்வமாக வருவதில்லை, அதுதான் என் கவலை. ஆவணியில் ஆரம்பித்தால் கணபதி, நவராத்திரி, தீபாவளி, அப்புறம் மார்கழி முடிந்தவுடன் கல்யாண சீசன். மாதத்தில் நாலு ஞாயிறும் வெளியில் என்றால் அதுவும் தினசரி மாதிரிதானே.

இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆபீஸில் சொல்லாமலே சமாளிக்க முடியுமா? டீமோடு பஞ்சாபி ஹோட்டல், சைனீஸ், சில சமயம் குஜராத்தி தாலி என்று போகும்போது எதை ஆர்டர் செய்வது? அங்கே பந்திக்காரர் சொன்ன மாதிரி கைகாட்டினால் மட்டும் போதாது.

---

ஹார்பர் லைன்

நானும் பிகேசியில்தான் (பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ்) வேலை செய்கிறேன், சர்க்கரை வந்து சில வருஷம் ஆகிறது, அதனால் ஹோட்டல் பகுதியை நான் எழுதுகிறேன்.

ஹோட்டலை நாம் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். "எங்கே போகலாம்" என்று குரூப்பில் மெசேஜ் வந்தவுடன் முதல் ஆளாகப் பெயரைச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். தந்தூர் இருக்கும் இடமாகப் பாருங்கள். தந்தூரி சிக்கன், மீன் டிக்கா, பனீர் டிக்கா எல்லாம் சுட்டது, கிரேவியில் மூழ்கியது இல்லை. உட்கார்ந்தவுடன் பச்சை சாலட் சொல்லிவிடுங்கள், வெள்ளரி, தக்காளி, வெங்காயம், முள்ளங்கி என்று எந்த ஹோட்டலிலும் இருக்கும், மற்றவர்கள் சூப்பும் ஸ்டார்ட்டரும் பேசி முடிப்பதற்குள் அது வந்துவிடும். தால் தட்கா, ரொட்டி ஒன்று. "ரோட்டி பே பட்டர் மத் லகானா" (ரொட்டியில் வெண்ணெய் தடவ வேண்டாம்) என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ரொட்டியிலேயே மைதா கலக்கும் இடங்கள் நிறைய, ஜோவார் அல்லது பாஜ்ரா (கம்பு) ரொட்டி இருந்தால் அதைக் கேளுங்கள்.

குடிக்க என்ன என்று கேட்டால் "ஃப்ரெஷ் லைம் சோடா, ப்ளெய்ன்". ஸ்வீட் இல்லை, சால்ட்டும் இல்லை, பிரஷர் இருக்கிறதே. கையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தால் பார்ட்டியில் யாரும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்பதில்லை. மாக்டெயில் என்று வருவது முழுக்க சிரப். மது குடிப்பவராக இருந்தால் அவர் மாத்திரைக்கு வெறும் வயிற்றில் குடிப்பது ஆபத்து, ராத்திரி தூக்கத்தில்கூட சர்க்கரை இறங்கும், டாக்டரிடம் மறைக்காமல் பேசட்டும்.

சைனீஸில் மஞ்சூரியன் மைதாவில் பொரித்து கார்ன்ஃப்ளார் குழம்பில் போட்டது, மஞ்சோ சூப்பும் கார்ன்ஃப்ளாரில் கெட்டியாக்கியது, சோயா சாஸ் முழுக்க உப்பு. தெளிந்த சூப், வதக்கிய காய்கறி, டோஃபு அல்லது சிக்கன் என்று போனால் சமாளிக்கலாம். நூடுல்ஸைப் பகிர்ந்து சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம் என்பதால் கொஞ்சமாக எடுத்துக்கொள்வது உறுத்தாது.

குஜராத்தி தாலிதான் எனக்கு இன்னமும் கஷ்டம். பருப்பிலும் கடி என்கிற மோர்க்குழம்பிலுமே இனிப்பு இருக்கும், ஃபர்ஸாண் என்று டோக்ளா, கச்சோரி, பாத்ரா வந்துகொண்டே இருக்கும், தட்டில் இடம் காலியானால் நான்கு பக்கத்திலிருந்தும் கை நீளும். முளைகட்டிய பயறு இருந்தால் இரண்டு தடவை வாங்கிக்கொள்வேன், சாஸ் என்று மோர் கொடுப்பார்கள், அதில் உப்பு இருக்கும், ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்வேன். முடிந்தால் அங்கே போவதைக் குறைத்துக்கொள்வதுதான் சரி.

நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதுங்காவில் 1940லிருந்து இருக்கும் கஃபே மெட்ராஸில் ராகி தோசை பிரபலம், ராகி என்பதற்காகக் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று இல்லை, அதுவும் மாவுதான், மேலே வெண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒன்று சாப்பிடலாம். ஸ்டேஷன் எதிரே ராமா நாயக் உடுப்பி போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு, அங்கே அளவுச் சாப்பாடும் உண்டு, அளவில்லாச் சாப்பாடும் உண்டு. அளவுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்குங்கள். உடுப்பி சாம்பாரில் வெல்லம் இருக்கும், அதனால் சாம்பாரை டம்ளரில் வாங்கிக் குடிக்க வேண்டாம். பெரிய செயின் கடைகளில், பத்துக் கிளையோ அதற்கு மேலோ உள்ளவை, மெனுவிலேயே கலோரி போட வேண்டும் என்று 2022இலிருந்து விதி இருக்கிறது, அதைப் பார்க்கிற பழக்கம் வந்தால் ஒரு ஃப்ராப்பேயில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

ஆபீஸ் கேக் விஷயம். தட்டை வாங்கி, ஒரு வாய் சாப்பிட்டு, மேஜையில் வைத்துவிட்டு வாழ்த்துச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தால் போதும், அந்தத் தட்டை அதற்கப்புறம் ஒருவரும் பார்ப்பதில்லை. சொல்லலாமா வேண்டாமா என்றால், பக்கத்தில் உட்காருகிற ஒருவரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். சர்க்கரை இறங்கி மயங்கினால் என்ன செய்வது என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும், இதில் கூச்சப்படக் கூடாது.

---

டயட்டீஷியன், ஆந்தேரி

கூச்சம் பற்றி ஒன்று. 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, இன்னும் 13.6 கோடி பேர் விளிம்பில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பந்தியில் அவரோடு உட்காரும் பலருக்கும் இருக்கும், அவர்களும் சொல்லாமல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

குளுக்கோமீட்டர் வாங்கியிருக்கிறீர்களா? விருந்துச் சாப்பாட்டுக்கு, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பொதுவாக 180க்குள் இருக்கட்டும் என்று சொல்வார்கள், அவருக்கான எல்லையை டாக்டர் சொல்வார். நாலைந்து தடவை பார்த்தால் எது அவருக்கு ஏற்றுகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஒருவருக்குச் சாதம் ஏற்றுவதைவிட இட்லி ஏற்றும், இன்னொருவருக்குத் தலைகீழ். சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பதும் நல்ல வித்தியாசம் காட்டும். சயன் ஹாலிலிருந்து ஸ்டேஷனுக்கு டாக்ஸி வேண்டாம்.

---

மாதுங்கா பாட்டி

நான் எழுபது தாண்டியவள், சர்க்கரையோடு இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறேன். ஆண்கள் எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள், விருந்து கொடுக்கிற வீட்டுப் பெண்ணாக நான் ஒன்று சொல்ல வேண்டும்.

நாமும்தானே விசேஷம் செய்கிறோம்? நம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா. நவராத்திரிக்கு என் வீட்டுக் கொலுவில் ஒன்பது நாளும் சுண்டல்தான், கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை என்று ஒவ்வொரு நாள் ஒன்று, தேங்காயை மட்டும் கொஞ்சம் கையடக்கிப் போடுவேன். இப்போது பலர் சுண்டலோடு சமோசாவும் ஜூஸ் டப்பாவும் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். எதற்கு? கணபதிக்குப் பக்கத்து மராட்டிக்கார அம்மாள் உகடீச்சே மோதக் கொண்டுவந்து கொடுப்பாள், அரிசி மாவுக்குள் தேங்காயும் வெல்லமும் வைத்து ஆவியில் வேகவைத்தது. அதில் ஒன்று எடுத்துக்கொண்டு, அந்த வேளைக்குச் சாதத்தை விட்டுவிடுவேன். அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம் அந்த நாத்தனார் விஷயம். பெண்ணே, அவளிடம் விசேஷத்தன்று பேசாதே. நாலு பேர் நடுவில் பேசினால் அவளுக்கு முகம் சுண்டிவிடும். இன்றைக்கே போன் செய். "உன் அண்ணாவுக்கு இப்படி வந்திருக்கிறது, டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார், ஆனால் பந்தியில் எனக்கு உன் உதவி வேண்டும், அவருக்குக் கோசுமல்லியும் கூட்டும் நீயே பார்த்துப் போடு" என்று வேலையை அவளிடமே கொடு. பரிமாறத்தானே ஆசைப்படுகிறாள், எதைப் பரிமாறுவது என்று நீ சொல்லிவிடு. யாராவது ஜாங்கிரியோடு வந்தால் அவளே தடுப்பாள் பார்.

---

செம்பூர் வாசகி

பாட்டி, போன் செய்துவிட்டேன். முதலில் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "ஏன் மன்னி முன்னாடியே சொல்லவில்லை" என்று அழுதாள். இப்போது சமையல் கான்ட்ராக்டரிடமே பேசி கோசுமல்லியைக் கூடுதலாகச் செய்யச் சொல்லியிருக்கிறாளாம், வாசலில் கலர் தண்ணீருக்குப் பதில் மோர், உப்பு தனியாக.

டாக்டரிடமும் கேட்டேன். காலை டிபன் அங்கேயே எட்டு மணிக்கு என்பதால் மாத்திரையை வீட்டில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போய், இலையில் உட்கார்ந்த பிறகு போடச் சொன்னார். காலையில் பொங்கல், வடை, இட்லி, கேசரி என்று மெனு வந்திருக்கிறது. இதில் எதை எடுப்பது?

---

பந்திக்காரர்

இட்லி இரண்டு, வடை ஒன்று, சட்னியைவிட சாம்பாரைக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், காய் இருக்கும். பொங்கலில் நெய் அதிகம் போகும், வேண்டுமானால் ஒரு ஸ்பூன். கேசரி வைக்க வருகிறவன் சின்னக் கரண்டியோடு கடைசியில் வருவான், அப்போது கை இலைக்கு மேல் இருக்கட்டும்.